மூலப் படம் அழியக் கூடாது: மாணவர்களுக்குக் கிம்ப் மென்பொருளில் படத்திருத்தம் கற்பிக்கும் முறை

படத்திருத்தம் கற்பிக்கும் வகுப்புகள் பெரும்பாலும் கருவிப்பட்டையில் தொடங்குகின்றன. இது தேர்வுக் கருவி, இது தூரிகை, இது அழிப்பான் என்று ஆசிரியர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போக, மாணவர்கள் குறுக்குவிசைகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். மென்பொருளின் அடுத்த பதிப்பு வந்து பொத்தான்கள் இடம் மாறியதும் அந்தக் குறிப்புகளில் பாதி பயனற்றுப் போகின்றன. சென்னையில் ஒரு பள்ளியின் கணினிக் கூடத்திலோ, கல்லூரியிலோ, வார இறுதிப் பயிற்சி வகுப்பிலோ இந்தப் பாடத்தை முதன்முறையாக எடுக்கவிருப்பவர்களுக்காக இக்கட்டுரையை எழுதுகிறேன். முழுப் பாடத்தையும் ஒரே ஒரு கருத்தின்மேல் கட்டலாம் என்பது என் உறுதியான எண்ணம். எத்தனை திருத்தங்கள் செய்தாலும் மூலப் படம் பழுதின்றித் திரும்பக் கிடைக்க வேண்டும். எந்தத் திருத்தத்தையும் ஒரு வாரம் கழித்தும் மாற்றவோ நீக்கவோ முடிய வேண்டும். இதை அழிவில்லாத் திருத்தம் என்று அழைக்கலாம். இது புரிந்துவிட்ட மாணவர் எந்த மென்பொருளுக்கு மாறினாலும் தடுமாற மாட்டார்.

கற்பிக்க நான் பரிந்துரைப்பது கிம்ப். 1995-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்னும் இரண்டு மாணவர்கள் தொடங்கிய பணி அது. அடுத்த ஆண்டே பொதுப் பயன்பாட்டுக்கு வெளியானது. குனு பொது உரிமத்தின் கீழ் வழங்கப்படுவதால் அதை யாரும் நகலெடுக்கலாம், பென்டிரைவில் போட்டு நண்பருக்குக் கொடுக்கலாம், விரும்பினால் அதன் நிரலையே திறந்து பார்க்கலாம். கட்டண மென்பொருளின் களவுப் பிரதியை வைத்துப் பாடம் நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. வகுப்பில் கற்றதை வீட்டில் நேர்மையாகச் செய்து பார்க்க மாணவருக்கு வழியில்லாமல் போவது ஒரு குறை. பிறர் உழைப்பை எடுத்துக்கொள்வது இயல்பானது என்ற பாடமும் சேர்ந்தே போய்ச் சேருவது அதைவிடப் பெரிய குறை.

பழைய கணினி என்பதும் தடையில்லை. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கருவிகளில், மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்னும் இயக்குதளமும் சேர்த்தே நிறுவப்பட்டிருந்தது. அக்காளோ அண்ணனோ பயன்படுத்திய அந்தக் கணினி இன்னும் இயங்கினால், தம்பிக்கும் தங்கைக்கும் பயிற்சிக்கு அதுவே போதும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே கவனிக்க வேண்டும்: 2025 மார்ச்சில் வெளியான கிம்ப் 3.0 பதிப்புக்கு விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தையது தேவை. விண்டோஸ் 7 உள்ள கணினிகளில் 2.10 பதிப்பை நிறுவலாம். ஓவியம் வரைவதற்குக் கிரிட்டாவும், சின்னங்களும் எழுத்துருவங்களும் வடிவமைப்பதற்கு இங்க்ஸ்கேப்பும் இதேபோல் கட்டணமின்றிக் கிடைக்கின்றன; ஒளிப்படத் திருத்தத்துக்குக் கிம்ப் ஏற்றது.

படம் என்பது எண்களின் அட்டவணை

முதல் வகுப்பில் கணினியைத் திறக்க வேண்டியதே இல்லை. ஆளுக்கொரு கிராப் தாள் கொடுத்து, நீளத்துக்கும் அகலத்துக்கும் எட்டு எட்டுக் கட்டங்களை எடுத்துக்கொண்டு, கட்டத்தை முழுதாகக் கறுப்பாக்கலாம் அல்லது வெறுமையாக விடலாம் என்ற ஒரே விதியுடன் ‘ழ’ என்னும் எழுத்தை வரையச் சொல்லுங்கள். வளைவு சரியாக வராது; மாணவர்கள் தவிப்பார்கள். பிறகு 32 கட்டங்கள் வீதம் எடுத்து அதே எழுத்தை வரையச் சொன்னால், வளைவு ஓரளவு வளைவாகவே தெரியத் தொடங்கும். பிக்சல் என்பது என்ன, அதன் எண்ணிக்கை ஏன் முக்கியம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் இதைவிடத் தெளிவான விடை கிடையாது.

அதன்பின் கிம்ப்பில் ஒரு படத்தைத் திறந்து, சதுரங்கள் தெரியும்வரை பெரிதாக்கி, வண்ணம் எடுக்கும் கருவியால் ஒரு சதுரத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண் வீதம் மூன்று எண்கள் தெரியும். மூன்றும் 0 என்றால் கறுப்பு, மூன்றும் 255 என்றால் வெள்ளை, மூன்றும் சமமாக இருந்தால் சாம்பல். ஒவ்வொன்றிலும் 256 நிலைகள் இருப்பதால் 256 × 256 × 256, அதாவது 1,67,77,216 வண்ணங்களை இம்முறையில் குறிக்க முடியும். கைபேசி எடுக்கும் 4000 × 3000 அளவுள்ள ஒரு படத்தில் 1.2 கோடிப் பிக்சல்கள் இருக்கின்றன; ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்கள் என்றால் 3.6 கோடி எண்கள். படத்திருத்தம் என்று நாம் சொல்வதெல்லாம் இந்த எண்களை மாற்றுவதுதான்.

எண்கள் என்று புரிந்த பிறகு, மூலப் படம் ஏன் அழிகிறது என்பதைக் கரும்பலகையில் கூட்டல் கழித்தலிலேயே காட்டிவிடலாம். அருகருகே இரண்டு பிக்சல்கள்; ஒன்றின் மதிப்பு 200, மற்றொன்றின் மதிப்பு 230. படம் இருட்டாக இருப்பதாக நினைத்து இரண்டோடும் 60 கூட்டுகிறோம். 260, 290 என்று வர வேண்டும். ஆனால் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 நிலைகளே உள்ள 8 பிட் படத்தில் 255-க்கு மேல் இடமில்லாததால் இரண்டுமே 255-இல் நின்றுவிடுகின்றன. சற்று அதிகமாகிவிட்டது என்று கருதி இரண்டிலும் 60 கழித்தால், இரண்டுமே 195 ஆகின்றன. அவற்றுக்கு இடையே இருந்த 30 என்ற வேறுபாடு போனது போனதுதான். அந்த வேறுபாடு ஒரு வெள்ளைச் சட்டையின் மடிப்பாக இருந்திருக்கலாம், மெரினாவின் வானத்தில் மெல்லிய மேகமாக இருந்திருக்கலாம். கூட்டியதைக் கழித்தால் பழைய நிலை வந்துவிடும் என்று நம்பியிருந்த மாணவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

கன்ட்ரோல் விசையோடு இசட் அழுத்தினால் செய்தது நீங்கிவிடுமே என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். நல்ல கேள்வி. அந்த வரலாறு கோப்பு திறந்திருக்கும்வரைதான் கணினியின் நினைவகத்தில் இருக்கும். கோப்பை மூடிய கணத்தில், அல்லது கூடத்தில் மின்சாரம் போன கணத்தில், அதுவும் போய்விடும். நிலையான பாதுகாப்பு வேறு இடத்திலிருந்து வர வேண்டும். அந்த இடம் அடுக்கு.

அடுக்கும் மாஸ்க்கும்

அடுக்கு என்பதை விளக்க, ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள்கள் சிலவும் மார்க்கர் பேனாக்களும் போதும். ஓர் அச்சிட்ட படத்தின்மேல் ஒரு தாளை வைத்து அதில் மீசை வரையுங்கள். இன்னொரு தாளை வைத்துப் பெயர் எழுதுங்கள். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே படம். தாளை எடுத்துவிட்டால் மீசை போய்விடும், முகத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கிம்ப்பின் அடுக்குகள் இதே முறையில்தான் இயங்குகின்றன: ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியான எண் அட்டவணை, திரையில் நாம் காண்பது அவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடிய விளைவு, அடுக்கின் பக்கத்திலுள்ள கண் குறியைத் தொட்டால் அந்த அடுக்கு மறையும், மீண்டும் தொட்டால் தோன்றும்.

ஆகவே வகுப்பில் முதல் நாளிலிருந்தே ஒரு வழக்கத்தை ஏற்படுத்த வேண்டும். படத்தைத் திறந்ததும் அந்த அடுக்கை நகலெடுத்து, கீழே உள்ளதற்கு ‘மூலம்’ என்று பெயரிட்டு, பூட்டுக் குறியால் பூட்டிவிட வேண்டும். வேலை முழுவதும் மேலே உள்ள நகல்களில் மட்டுமே நடக்க வேண்டும். கிம்ப் 3.0-இல் லெவல்ஸ், கர்வ்ஸ் போன்ற, வெளிச்சத்தையும் நிழலையும் சீராக்கும் திருத்தங்களை அடுக்கின் எண்களை மாற்றாமல் அதன்மேல் இணைத்து வைத்து, பிறகு எப்போது வேண்டுமானாலும் திறந்து மாற்றும் வசதி வந்துவிட்டது. அது பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் தொடக்க மாணவர்களுக்கு முதலில் நகல் அடுக்கு முறையையே கற்பிக்க வேண்டும் என்று கருதுகிறேன். மென்பொருள் நமக்காகச் செய்து தருவது என்ன என்பதைக் கையால் ஒருமுறை செய்தவர்களால்தான் முழுதாக உணர முடியும்.

அடுக்கை அடுத்து வருவது மாஸ்க், அதாவது ஓர் அடுக்கின் எந்தப் பகுதி தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று குறிக்கும் கறுப்பு வெள்ளைத் திரை. இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. இரண்டு மூன்று வகுப்புகள் பிடித்தாலும் தகும். மயிலாப்பூரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். கபாலீசுவரர் கோயிலின் ராஜகோபுரம் கிழக்கு நோக்கியது. காலையில் வெயில் நேராக விழும்போது சுதைச் சிற்பங்கள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும். மாலையில் சன்னிதித் தெருவில் நின்று எடுத்தால் கதிரவன் கோபுரத்துக்குப் பின்னால் இருப்பதால், வானம் வெளுத்தும் கோபுரம் இருண்டும் பதிவாகும். வானத்தின் பிக்சல்கள் 250-ஐ ஒட்டியும் கோபுரத்தின் பிக்சல்கள் 40-ஐ ஒட்டியும் நிற்கும். படம் முழுவதையும் வெளிச்சமாக்கினால் கோபுரம் தெளியும், வானம் வெறும் வெள்ளையாகிவிடும். முழுவதையும் இருட்டாக்கினால் வானம் மீளும், கோபுரம் கரிக்கட்டையாகும்.

தீர்வு இதுதான். அடுக்கை நகலெடுத்து, மேலடுக்கில் லெவல்ஸ் திறந்து, நடு முக்கோணத்தை இடப்பக்கம் நகர்த்திக் கோபுரத்துக்குத் தேவையான அளவு வெளிச்சம் கொடுங்கள். வானம் கெடுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். பிறகு அந்த மேலடுக்குக்குக் கறுப்பு நிற மாஸ்க் ஒன்றைச் சேர்த்தால் அந்த அடுக்கு முழுதும் மறைந்து, கீழே இருக்கும் மூலம் தெரியும். இப்போது மென்மையான விளிம்புள்ள தூரிகையில் வெள்ளை நிறம் எடுத்து, மாஸ்க்கில் கோபுரம் இருக்கும் பகுதியைத் தீட்டினால், தீட்டிய இடத்தில் மட்டும் வெளிச்சமான அடுக்கு வெளிப்படும். மாஸ்க்கில் வெள்ளை காட்டும், கறுப்பு மறைக்கும், சாம்பல் அதன் அழுத்தத்துக்கு ஏற்பப் பாதியளவில் காட்டும். தவறுதலாக வானத்தில் தீட்டிவிட்டால் கறுப்பை எடுத்துத் திருப்பித் தீட்டினால் போதும். அழிப்பான் கருவியால் வானத்தை அழித்திருந்தால் அந்த எண்களே போயிருக்கும். மாஸ்க்கில் எந்த எண்ணும் போகவில்லை, மறைந்துதான் நிற்கிறது. இந்த வேறுபாட்டை மாணவர் தம் சொற்களில் திருப்பிச் சொல்லும்வரை அடுத்த பாடத்துக்குப் போக வேண்டாம்.

வேலை முடிந்ததும் கோப்பைச் சேமிப்பதிலும் இதே கருத்து தொடர்கிறது. கிம்ப்பில் சேமித்தல் என்பது எக்ஸ்சிஎஃப் வடிவத்தில் மட்டுமே நடக்கும். அதில் அடுக்குகள், மாஸ்க்குகள், எழுத்துகள் எல்லாம் பிரிந்தபடியே இருக்கும். ஜேபெக், பிஎன்ஜி போன்றவற்றுக்கு ஏற்றுமதி என்னும் தனிக் கட்டளை உண்டு. 2012-இல் வந்த 2.8 பதிப்பு முதல் இப்படிப் பிரித்திருக்கிறார்கள். புதியவர்களுக்கு இது எரிச்சலூட்டினாலும், கற்பித்தலுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. எக்ஸ்சிஎஃப் நம் பணிக்கோப்பு, ஜேபெக் பிறருக்குக் கொடுக்கும் பிரதி. ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களைக் கைவிட்டுக் கோப்பைச் சிறிதாக்குகிறது. ஏற்றுமதி செய்த ஜேபெக்கையே மறுபடி திறந்து, திருத்தி, மறுபடி ஏற்றுமதி செய்துகொண்டே போனால் இழப்பு ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். வாட்ஸப்பில் பலரிடம் கைமாறி வந்த படத்தில் எழுத்துகளின் ஓரம் கலங்கித் தெரிவதைக் காட்டினால் மாணவர்களுக்கு உடனே பிடிபடும். பயிற்சிக்கான படங்களை வாட்ஸப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். படம் சுருங்காமல் வந்து சேரும்.

வெள்ளத்தில் நனைந்த படங்கள்

பயிற்சிக்கு இணையத்திலிருந்து அழகிய இயற்கைக் காட்சிகளை இறக்கிக் கொடுப்பதைவிட, மாணவரின் வீட்டிலிருந்தே ஒரு படத்தைக் கொண்டுவரச் செய்வது நூறு மடங்கு நல்லது. சென்னையில் அதற்கு ஒரு துயரமான காரணமும் உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு கரைமீறியபோது சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம், முடிச்சூர் முதலிய பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பல குடும்பங்களின் திருமண ஆல்பங்களும் தாத்தா பாட்டி படங்களும் சேற்றில் ஊறின. அந்தப் படங்களில் சில இன்னும் கறையோடு அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றைச் சீராக்குவது ஒரு மாணவர் செய்யக்கூடிய மிகச் சிறந்த முதல் திட்டப்பணி.

கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்கக் கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்ய வேண்டும். உரித்தால் படத்தின் மேற்பூச்சு கண்ணாடியில் தங்கிவிடும். ஸ்கேனர் இருந்தால் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்று வைத்துக்கொள்ளலாம். நான்குக்கு ஆறு அங்குலப் படம் 2400 × 3600 பிக்சலாக வரும். ஸ்கேனர் இல்லையென்றால் வெயில் நேராக விழாத சன்னலோரத்தில் படத்தைக் கிடத்தி, ஃபிளாஷ் இல்லாமல், கைபேசியைப் படத்துக்கு இணையாகப் பிடித்து எடுக்கலாம். கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்ய வேண்டும் என்பதை வலியுறுத்துங்கள். சேற்றுக் கறையும் பழுப்பும் மஞ்சள் சார்ந்தவை. அவற்றின் நீல எண் மிகக் குறைவாகவும் சிவப்பு எண் அதிகமாகவும் இருக்கும். கிம்ப்பின் கலர்ஸ் பட்டியலில் உள்ள டிகம்போஸ் கட்டளையால் மூன்று நிறங்களையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தால், நீலத்தில் கறை கன்னங்கரேலென்று தெரியும். சிவப்பில் பெருமளவு மங்கியிருக்கும், சில படங்களில் அநேகமாக மறைந்தே இருக்கும். அந்தச் சிவப்புப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினால் கறையில் பாதி ஒரு தூரிகை வீச்சும் இல்லாமலே நீங்கிவிடுகிறது. முதல் வகுப்பில் படித்த மூன்று எண்களின் பயன் இங்கே கண்முன் நிற்கிறது.

எஞ்சிய கீறல்களையும் புள்ளிகளையும் ஹீல் கருவியால் சரிசெய்யலாம். கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி பழுதற்ற இடத்தைத் தொட்டு மாதிரி எடுத்துக்கொண்டு, பழுதான இடத்தின்மேல் சிறிய தூரிகையால் மெல்லத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். நீண்ட இழுப்பாக இழுத்தால் ஒரே உருவம் திரும்பத் திரும்ப வந்து செயற்கையாகத் தெரியும். சுவர், புடவை, தரை ஆகியவை எளிது. முகத்தில்தான் தயக்கம் வர வேண்டும். கண்ணோ உதடோ முற்றிலும் கரைந்துபோயிருந்தால், வேறொருவர் கண்ணை எடுத்து ஒட்டுவதோ, செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுத்து ஒரு முகத்தை உருவாக்கச் சொல்வதோ சீரமைப்பு ஆகாது. அழகான முகம் வரும். அது அந்தப் பாட்டியின் முகமாக இருக்காது. அந்த இடத்தை வெறுமையாக விட்டுக் கறையின் நிறத்தை மட்டும் தணித்துவிட்டு நிறுத்திக்கொள்ளும்படி சொல்லுங்கள். மூலத்தை ஸ்கேன் செய்த கோப்பும் திருத்திய கோப்பும் இரண்டுமே குடும்பத்திடம் போய்ச் சேர வேண்டும்.

முகம் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வகுப்பில் யாராவது தம் படத்தைக் கொடுத்து, கொஞ்சம் கலராக்க முடியுமா என்று கேட்பார்கள். பாஸ்போர்ட் படத்தில் முகத்தை வெளுப்பாக்கித் தருவதைப் பல ஸ்டூடியோக்கள் சேவையாகவே கருதுகின்றன. இதை நான் கற்பிப்பதில்லை, காரணத்தையும் சொல்லிவிடுவேன். வெளிச்சம் போதாமல் இருண்டுபோன முகத்துக்கு வெளிச்சம் கொடுப்பது ஒளியின் குறையைத் திருத்துவது. அதை மாஸ்க் போட்டுச் செய்யலாம். கறுத்த தோலை வெளுத்த தோலாக்குவது, ஒருவரிடம் இல்லாத ஒரு குறையைத் திருத்துவது. எண்களின் கணக்கிலும் அது இழப்பே: கன்னம், நெற்றி, மூக்கு ஆகியவற்றின் மதிப்புகள் எல்லாம் 255-ஐ நோக்கி நெருக்கப்பட்டு, முகத்துக்கு வடிவம் தரும் நிழல்கள் தட்டையாகின்றன. அடுத்தவர் படத்தை அவர் இசைவில்லாமல் எடுத்துத் திருத்துவதும் வகுப்பில் அனுமதிக்கப்படாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

அளவு, அச்சு, தமிழ் எழுத்து

மாணவர்களுக்கு உடனடியாகப் பயன்படும் பாடம், இணைய விண்ணப்பங்களுக்குப் படத்தின் அளவைக் குறைப்பது. 3.5 × 4.5 சென்டிமீட்டர் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளிகளில் அச்சிட 413 × 531 பிக்சல் வேண்டும். கோப்பு 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்று விண்ணப்பம் கேட்டால், முதலில் பிக்சல் அளவைக் குறைத்துவிட்டு, பிறகு ஜேபெக் ஏற்றுமதியின்போது தரத்தைச் சற்றே இறக்க வேண்டும். ஏற்றுமதிப் பெட்டியில் முன்னோட்டத்தை இயக்கினால் கோப்பின் எடை அங்கேயே தெரியும். அதே பெட்டியில், கேமரா படத்தோடு சேர்த்துப் பதியும் எக்ஸிஃப் தகவலைச் சேர்க்காமல் விடும் வசதியும் உண்டு. படம் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவு அதில் பதிந்திருக்கக்கூடும் என்பதால், பொதுவெளியில் பகிரும் படங்களில் அதை நீக்குவதைப் பழக்கமாக்க வேண்டும்.

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. திரையில் பளிச்சென்று இருந்த பச்சை தாளில் மங்கி வருவது அதனால்தான். திருவல்லிக்கேணியிலோ ராயப்பேட்டையிலோ உள்ள ஓர் அச்சகத்துக்கு மாணவர்களை அழைத்துச் சென்று ஒரே படத்தை அச்சிட்டுத் திரையோடு ஒப்பிடச் செய்தால், அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

தமிழ் எழுத்து சேர்ப்பதில் சற்று நேரம் செலவிட வேண்டும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் ‘கொ’ என்பது ‘க’வும் அதற்குப் பின் வரும் உயிர்க்குறியுமாகவே சேமிக்கப்படுகிறது, கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் வேலை. கிம்ப் அதைச் சரியாகச் செய்கிறது. பழைய டிடிபி எழுத்துருக்களில் தட்டிய வாசகத்தை அப்படியே ஒட்டினால் மட்டும் பொருளற்ற குறிகளாக வரும். முதலில் அதை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கேட்டமரன், முக்தா மலர், பாலூ தம்பி, மீரா இனிமை போன்ற தமிழ் எழுத்துருக்கள் கட்டற்ற உரிமத்தில் கிடைப்பதால், அவற்றைக் கூடத்தின் எல்லாக் கணினிகளிலும் நிறுவி வையுங்கள். இல்லையென்றால் ஒரு கணினியில் செய்த சுவரொட்டி அடுத்த கணினியில் வேறு எழுத்துருவில் திறக்கும். எழுத்து அடுக்கைப் பட அடுக்காக மாற்றிவிடாமல் எழுத்தாகவே வைத்திருந்தால், பிழை கண்டபோது அந்த ஒற்றெழுத்தை மட்டும் திருத்திக்கொள்ளலாம். தமிழில் ஒற்றுப்பிழை எப்போது கண்ணில் படும் என்று சொல்ல முடியாது.

நான்கு ஜிபி நினைவகம் உள்ள கணினிகளில் கைபேசிப் படத்தை முழு அளவில் திறந்து பத்து அடுக்குகள் போட்டால் கணினி திணறும். பயிற்சிப் படங்களை நீளப்பக்கம் 1600 பிக்சலுக்குக் குறைத்துத் தயாராக வைத்திருப்பது ஆசிரியரின் வேலை. மாணவரின் வீட்டுப் படம் மட்டும் முழு அளவில் இருக்கட்டும், அதற்கு நேரம் பிடித்தாலும் குறையில்லை.

மதிப்பீட்டை எழுத்துத் தேர்வாக வைக்க வேண்டாம். பள்ளி விழாவுக்கான சுவரொட்டி ஒன்றை ஒவ்வொருவரும் செய்து எக்ஸ்சிஎஃப் கோப்பாகக் கொடுக்கட்டும். அடுத்த வாரம் அந்தக் கோப்புகளை ஆள் மாற்றிக் கொடுத்து, விழாத் தேதியை மாற்றவும், பின்னணிப் படத்தின் வெளிச்சத்தைப் பழையபடி ஆக்கவும், ஓர் உருவத்தை நீக்கவும் சொல்லுங்கள். அடுக்குகளுக்கு ஒழுங்காகப் பெயரிட்டு, மாஸ்க் பயன்படுத்தி, எழுத்தை எழுத்தாகவே வைத்திருந்த மாணவரின் கோப்பில் இந்த மூன்றும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்; எல்லாவற்றையும் ஒரே அடுக்கில் இணைத்துவிட்டவரின் கோப்பில் பக்கத்து மாணவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மதிப்பெண்ணை, கோப்பைத் திறந்து வேலை செய்த அந்தப் பக்கத்து மாணவரே காரணத்தோடு முன்மொழியட்டும்.